மிதவையில் கழற்றிய பேனல்

ஐப்பசியில் துலாமாத மழை பிடித்துவிட்டால் எங்கள் லயத்தில் கரண்ட் இருக்காது. எங்காவது ஒரு மரம் கம்பிமேல் சாயும். லைன்மேன் ஏறி வருவதற்குள் மூன்று நாள் ஆகிவிடும். வண்டிப்பெரியாரிலிருந்து ஜீப்பில் போய் இறங்கினால், தேயிலைக்கு நடுவில் ஒட்டி ஒட்டி ஆறு வீடுகள், மேலே ஒரே கூரை. எஸ்டேட் பூட்டிக் கிடந்து மறுபடி திறந்த பிறகு அந்த வீடுகளைப் பழுதுபார்க்க யாரும் வரவில்லை. நான் பிறந்தது அங்கேதான். அம்மா இன்றும் கொழுந்தெடுக்கப் போவது அங்கிருந்துதான்.

அந்த வருடம் எஸ்டேட் மாதா கோயில் திருநாளுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். ஜீப்பை விட்டு இறங்கியபோது சாயங்காலம், மழை விட்டிருந்தது. லயம் முழுக்க இருட்டிக்கொண்டு வந்தது, எங்கள் வீட்டைத் தவிர. எங்கள் வாசலில் மட்டும் பால் மாதிரி வெள்ளை வெளிச்சம். ஜன்னல் கட்டையில் பக்கத்து வீட்டுக்காரர்களின் போன்கள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. அம்மா முகத்தில் ஒரு பெருமை. கல்யாண வீட்டுக்காரி மாதிரி வந்து என் பையை வாங்கிக்கொண்டாள்.

"பாத்தியா? இப்ப எஸ்டேட்டே இருட்டுனாலும் நம்ம வீடு இருட்டாது. போன மாசம் வந்தப்ப மருமவன் சோலார் கொண்டாந்து வச்சுக் குடுத்தாரு."

மருமகன் என்பது என் அக்காவின் கணவர். குமரிக் கடற்கரையில் ஓர் ஊர். ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் வேலை. ஒருமுறை போனால் நாள்கணக்கில் கடலிலேயே கிடந்து மீன் பிடித்துக்கொண்டு வருவார்கள். மலையில் பிறந்த அக்கா ஒரு திருத்தலத் திருவிழாவில் அவரைப் பார்த்து, அடம்பிடித்துக் கட்டிக்கொண்டாள். திருநாளுக்காக அவர்களும் முந்தின நாளே வந்திருந்தார்கள். அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த வெளிச்சத்தில் எல்லோருமாக உட்கார்ந்து கப்பைக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டோம். எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷமான சாப்பாடு நடந்து நாளாகியிருந்தது.

காலையில் பல் விளக்கிக்கொண்டே வீட்டுப் பின்பக்கம் போனேன். துணி காயப்போடும் கம்பிக்கு மேலே, மூங்கில் கழியில் சாய்த்துக் கட்டியிருந்தது அந்தப் பேனல். அளவுக்கு அதிகமாகக் கனமான சட்டம். கடையில் விற்கிற பேனலுக்கு இப்படிச் சட்டம் இருக்காது. ஓரமெல்லாம் உப்பு பூத்து வெளுத்திருந்தது. ஏதோ ஒரு சின்னத் தகட்டைப் பிடுங்கிய இடத்தில் நான்கு ஓட்டைகள். குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன். சட்டத்தில் கறுப்பு மையில் அச்சு வைத்து எழுதிய எழுத்துகளும் எண்ணும். பாதி அழிந்திருந்தாலும் எனக்கு வாசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தினமும் என் கை தட்டச்சு செய்துவந்த எண் அது.

என் வேலையைச் சொல்ல வேண்டும். நாட்டின் கடல்களைக் கண்காணிக்கிற ஓர் அலுவலகத்தில் தரவுப் பிரிவில் இருக்கிறேன். கரையிலிருந்து வெகு தூரத்தில், ஆழ்கடலில் மஞ்சள் நிறத்தில் பெரிய மிதவைகளை நங்கூரம் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். காற்று, அலை, தண்ணீரின் சூடு எல்லாவற்றையும் அவை அளந்து செயற்கைக்கோள் வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். வருகிற எண்களில் தப்பானதைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டு, மீதியை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடுவது எங்கள் பிரிவின் வேலை. எங்கள் எண்கள் எந்தெந்த நாட்டுக்கோ போகும். வானிலை சொல்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள், ஆராய்ச்சி செய்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். லயத்தில் பிறந்த பெண் தட்டிவிடுகிற எண்ணை வைத்துத் தூர தேசத்தில் யாரோ புயலைக் கணக்குப் போடுகிறார்கள் என்று நினைத்து நான் பலமுறை கர்வப்பட்டிருக்கிறேன்.

அரபிக்கடலில் இருந்த ஒரு மிதவை, பருவமழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பேச்சை நிறுத்தியது. முதலில் காற்றளவு வரவில்லை. பிறகு எதுவுமே வரவில்லை. அப்போதுதான் அந்த எண்கள் மிகவும் தேவை. மழை எப்படிக் கிளம்புகிறது என்பது அந்தக் கடலின் சூட்டில்தான் தெரியும். கப்பல் போய்ப் பார்த்தபோது மிதவையின் கம்பம் வளைந்து கிடந்தது. பேனலும் பேட்டரியும் இல்லை. அதன்பின் நான் வெளியிட்ட தரவில் அந்த மாதங்கள் வெறும் பள்ளமாகக் கிடந்தன. வெளிநாட்டில் படிக்கிற ஒரு மாணவி, தன் ஆராய்ச்சியே அந்த மாதங்களைப் பற்றித்தான், ஏதாவது மிச்சம் இருக்குமா என்று கெஞ்சி எழுதினாள். நான் வழக்கமாக எழுதுகிற வாக்கியத்தையே அனுப்பினேன்: 'கருவி மீனவர்களால் சேதப்படுத்தப்பட்டதால் இக்காலத்துக்குத் தரவு இல்லை.' எங்களிடம் தயாராக இருக்கும் வாக்கியம். மிதவை எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

அந்த மிதவையின் பேனல் இப்போது என் அம்மாவின் உள்பாவாடைக்குப் பக்கத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

வாயிலிருந்த பற்பசையைத் துப்பக்கூட மறந்து நின்றேன். அத்தான் குழாயடியில் உட்கார்ந்து, ஊரிலிருந்து ஐஸ்பெட்டியில் கொண்டுவந்த நெய்மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் சட்டி பிடித்திருந்தாள்.

"அத்தான், இந்த பேனல் எங்க கெடச்சுது?"

"கடல்லதான், பிள்ளே. என்னவாக்கும்?"

"கடல்ல எங்க?"

"போயா ஒண்ணு கெடக்கும் பாரு, மஞ்சளா. அதுல உள்ளதாக்கும்."

அவர் மறைக்கவே இல்லை. அதுதான் எனக்கு மேலும் தாங்கவில்லை.

"மிதந்து வந்துச்சா?"

"இல்ல, நாங்க கழட்டுனது." கத்தியைக் கீழே வைத்தார். "அதுக்கு அடியில மீன் நெறைய நிக்கும். போட்டை அதுல கெட்டிப்போட்டுத்தான் தூண்டி போடுவோம். நாங்க போனப்ப அது சாஞ்சு கெடந்துது, முன்னாடியே யாரோ ஒயரெல்லாம் அறுத்திருந்தாங்க. ஓனரு பேட்டரிய எடுத்தாரு. இது எனக்கு. அத்தை இங்க இருட்டுல கெடக்காங்களேன்னு, பழைய பேட்டரி ஒண்ணும் வாங்கிக் கொண்டாந்தேன்."

"அது யாரோடதுன்னு தெரியாதா?"

"கவர்மெண்டோடதுன்னு தெரியும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஒன் ஆபீசு சாமான்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்க அம்மா வீட்டுக்கா கொண்டு வருவேன்?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டி, விடிஞ்சதும் விடியாததுமா போலீசு மாதிரி நின்னு விசாரிக்கிற?"

"திருட்டு அக்கா இது. திருட்டு."

நான் குரலை உயர்த்திவிட்டேன். லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பின்கதவில் அம்மா நின்றிருந்தாள், கையில் கட்டன் காப்பி டம்ளர்களோடு.

"திருட்டுச் சாமானா?" என்றாள்.

அவள் டம்ளர்களைப் படியில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். "ஆறு வீட்டுக்காரங்களும் அதுலதான் போன் போடுறாங்க. எம் மருமவன் கொண்டாந்தாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். கோயில் அச்சன்கிட்டகூடச் சொன்னேன்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "கழட்டுங்க. இப்பவே கழட்டுங்க."

அத்தான் கையைக் கழுவிவிட்டு எழுந்து கயிற்றுக் கட்டுகளை அவிழ்த்தார். பாரத்தைத் தோளில் வாங்கி இறக்கி, என் காலடியில் வைத்தார். நான் எடுத்து வைக்கச் சொன்ன மாதிரியே இருந்தது.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா போனும் சார்ஜருமாக வந்தாள். எங்கள் வீட்டிலும் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. "என்னக்கா, லைட்டுக்கு என்னாச்சு?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"கெட்டுப்போச்சு" என்றாள் அம்மா. பொய் சொல்லிப் பழக்கம் இல்லாததால் தேவைக்கு மேலேயும் சொல்லிவிட்டாள். "இவ கொண்டு போய் ஆபீசுல குடுத்து நன்னாக்கிட்டு வருவா."

"அப்படியா? சீக்கிரம் கொண்டு வாம்மா. மழை முடியலையே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள் அந்த அக்கா. நான் தலையாட்டினேன்.

மறுநாள் திருநாள் பூசையில் அம்மா நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது பெஞ்சிலேயே முட்டிபோட்டிருந்தாள். எனக்குத் தெரிந்து அவள் அப்படி இருந்ததே இல்லை. அத்தான் கோயிலுக்குள்ளேயே வரவில்லை. வாசலில், வெடி போடுகிறவர்களோடு நின்றிருந்தார். எனக்குப் பக்கத்தில் அக்கா. எங்கள் தோள்கள் உரசாதபடி அவள் தள்ளி நின்றாள்.

பேனலைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர், "இது என்ன சாதனம், டிவியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். குட்டிக்கானம் வளைவுகளில் அது சரியாமல் இருக்க இரண்டு முட்டிகளுக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்திருந்தேன். யாராவது சாக்கை விலக்கிப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் மலை இறங்கும்வரை போகவில்லை. அரசாங்கப் பொருளை அரசாங்கத்திடமே கொண்டுபோகிறவள் அப்படிப் பயப்பட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பிடிபட்ட திருடியாகத்தான் அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பிரிவின் தலைவர் தமிழ் தெரிந்த மலையாளி. சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எங்க கெடச்சுது?" என்றார்.

"என் வீட்ல, சார்."

எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் என்பதையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் அந்த நான்கு ஓட்டைகளையே தடவிக்கொண்டிருந்தார். "இனி இது கடலுக்குப் போகாது. ஸ்டோர்ல வைக்கச் சொல்றேன். போலீசுக்கு எழுதினா உன் அத்தானை மட்டும்தான் பிடிப்பாங்க. பேட்டரி எடுத்தவனைப் பிடிக்க மாட்டாங்க. விடு." என் உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கியதை உணர்ந்தபோதே கூசியது. வேறு யாருடைய அத்தானாவது என்றால் நானே 'எழுதுங்கள் சார்' என்றிருப்பேன்.

பிறகு அவர், "குமரிக் கரையில மீனவர்களோட ஒரு கூட்டம் வச்சிருக்கோம். மிதவையைக் கெடுக்காதீங்கன்னு சொல்லணும். தமிழ்ல பேச ஆள் இல்ல. நீ போ" என்றார். மாட்டேன் என்று சொல்லும் தைரியம் அன்றைக்கு எனக்கு இல்லை.

கூட்டம் அத்தானுடைய ஊர்க் கோயில் மண்டபத்திலேயே நடந்தது. கரையில் இருந்த ஆண்களும், நிறையப் பெண்களும் வந்திருந்தார்கள். நான் மேடையில் படம் போட்டுக் காட்டினேன். இதுதான் மிதவை, இது காற்றை அளக்கிறது, இது அலையை அளக்கிறது, இதில் வருவதை உலகம் முழுக்கக் கொடுக்கிறோம் என்றெல்லாம் பேசினேன். அத்தான் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சேதமான மிதவையின் படம் வந்தபோது என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"இதை யாரு கெடுத்தாங்கன்னு எங்களுக்குத் தெரியாது" என்றேன்.

உடனே முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஊர்க்காரர்களைச் சொன்னார். இன்னொருவர் ஆமாம் என்றார். அவர்களுக்கும் இவர்களுக்கும் ஏற்கெனவே ஏதோ தகராறு போல, மண்டபம் முழுக்கச் சத்தம் ஏறியது. அப்போது அத்தான் எழுந்தார்.

"ஏன் பிள்ளே தெரியாதுங்கிற? நான்தானாக்கும் கழட்டுனது. அவங்கள ஏன் சொல்லணும்?"

சத்தம் அடங்கிவிட்டது. அவருடைய படகின் ஓனரும் அங்கேதான் இருந்தார். அவர் முகத்தை யாரும் பார்க்காமல் எல்லோரும் அத்தானையே பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள். நான் அவர் மனைவியின் தங்கை என்பது பாதிப் பேருக்குத் தெரியும். மைக்கைப் பிடித்தபடி நின்றேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் சொன்ன பொய்யை, பக்கத்து ஊரைக் காப்பாற்ற அவர் உடைத்துவிட்டார். நன்றி என்று சொல்லியிருக்கலாம். மன்னியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் அடுத்த படத்தைப் போட்டேன்.

கடைசியில் ஒரு பெண் எழுந்தாள். "உலகம் பூரா குடுக்குறோம்னு சொன்னீங்களே, எங்க வீட்டுக்காரரு கடல்ல இருக்கும்போது அங்க காத்து எப்படின்னு எங்க போன்ல பாக்க முடியுமா?"

முடியும் என்று சொல்லி, அவள் போனிலேயே எங்கள் இணையப் பக்கத்தைத் திறந்தேன். அது மெல்ல மெல்லத் திறந்தது. எல்லாம் ஆங்கிலம். நான்கு இடங்களில் தட்டி, ஒரு பெயரும் மின்னஞ்சலும் கேட்கிற பெட்டியைத் தாண்டினால்தான் எண்கள் வரும். அந்தப் பெட்டியை வைக்கச் சொன்ன கூட்டத்தில் நானும் இருந்தேன். எங்களுக்கு யார் எடுக்கிறார்கள் என்ற கணக்கு வேண்டியிருந்தது. அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி மேடம், புள்ளைங்க வந்ததும் கேட்டுப் பாக்குறேன்" என்று போனை வாங்கிக்கொண்டாள். என்னைத் தேற்றுகிற மாதிரி இருந்தது அவள் சொன்ன விதம்.

திரும்பி வந்து தலைவரிடம் இதைச் சொன்னேன். பல மாதங்கள் இழுத்து, கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். இப்போது தினமும் காலையில் அந்தக் கடலின் காற்றையும் அலையையும் தமிழில் பேசிப் பதிவு செய்து, கரையூர்க்காரர்களின் போன் குழுக்களுக்கு அனுப்புகிறேன். புதிய மிதவையும் போட்டுவிட்டார்கள். படகுகளை இன்னும் அதில் கட்டுகிறார்கள் என்று தெரிகிறது. எண்கள் திடீரென்று குலுங்கும். ஆனால் அது இதுவரை பேச்சை நிறுத்தவில்லை. அலுவலகத்தில் இதை ஒரு வெற்றி என்று சொல்கிறார்கள். ஒரு விழாவில் எனக்குச் சால்வைகூடப் போர்த்தினார்கள்.

போர்த்தும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அத்தானுக்குக் கடல் வேலை போயிருந்தது. வாய் திறந்தவனை ஏற்றமாட்டேன் என்று ஓனர் சொல்லிவிட்டார். மற்ற ஓனர்களும் அவரைப் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. அக்கா எனக்கு ஒரே ஒருமுறை போன் செய்தாள். "உனக்குத் திருப்தியா?" என்றாள். கேட்டதும் வைத்துவிட்டாள்.

அம்மாதான் யார் யாரையோ பிடித்து, போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் அவர்கள் இரண்டு பேருக்கும் வேலை வாங்கிக் கொடுத்தாள். அக்காவுக்குக் காய் எடுக்கிற வேலை. அத்தானுக்கு ஸ்டோரில், காய் உலர்த்துகிற அறையில். கடலில் திறந்த காற்றில் நின்ற மனிதர் கதவடைத்த சூட்டில் நின்றார்.

போன மாதம் பூப்பாறை வழியாகப் பஸ் பிடித்து அவர்களைப் பார்க்கப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. அக்கா கதவைத் திறந்து, உள்ளே வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அத்தான் இளைத்திருந்தார். இருமல் இருந்தது. வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு, எனக்காக ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது அத்தான்" என்று தொடங்கினேன்.

"நீ என்ன பேசுன? நான்தான பேசுனேன்" என்றார். பிறகு, "இங்க ரேஞ்சு கெடைக்கல. ஒன் குரல் வரமாட்டேங்குது. இன்னிக்குக் காத்து எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நான் காலையில் அனுப்பும் பதிவைத்தான் கேட்கிறார் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. அவர் இன்னும் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. வேறு எதையோ சொல்ல வாயெடுத்தேன்.

அக்கா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "அவரு கேட்டத மட்டும் சொல்லு."

சொன்னேன். காற்று வடகிழக்கிலிருந்து, பலம் அதிகம். அலை இரண்டரை மீட்டருக்கு மேல், நாளைக்கும் குறையாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அப்ப நம்ம ஆளுங்க கரைக்குத் திரும்பியிருப்பாங்க" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். அக்கா ம் என்றாள். எனக்கு ஒரு தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, இரண்டு பேரும் மத்தியான வேலைக்குக் கிளம்பினார்கள். நான் போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னாள் அக்கா. வெகு நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் இட்ட வேலை அது. நான் சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, ஸ்டோர் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தேன்.